ஆப்பிரிக்கப் படாக் மரத்தில் வேலை: பலகை தேர்வு முதல் பாலிஷ் வரை முழுமையான வழிகாட்டி

படாக்கில் புதிதாக வேலை பார்ப்பவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். அறுப்பது, இழைப்பது, ஒட்டுவது எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். கடைசியில் பாலிஷ் துணியை ஒரு இழுப்பு இழுத்ததும், பக்கத்தில் பதித்திருந்த வெள்ளை மரம் ரோஸ் நிறமாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் ஆழமாக இறங்கும்.

காரணம், இந்த மரத்தின் சாயம். ஸ்பிரிட்டில் கரையும், தூசியாகப் பறந்து எல்லாவற்றிலும் ஒட்டும். அதனால் வேலையின் வரிசையைச் சாயத்தை மனதில் வைத்து அமைக்க வேண்டும். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன நகைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 250 மி.மீ நீளம், 160 மி.மீ அகலம், 90 மி.மீ உயரம். பக்கப் பலகை 10 மி.மீ கனம். மூலைகள் 45 பாகையில் சேரும்; அவற்றில் காடி (ஒடுக்கமான பள்ளம்) வெட்டி வெள்ளை மரச் சீவல், அதாவது மெல்லிய பட்டைத் துண்டு, சொருகியிருக்கும். மூடி, சட்டத்துக்குள் 6 மி.மீ கனப் பலகை. படாக்கின் எல்லாச் சிக்கலும் இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும்.

1. வேலைக்கு வேண்டிய அளவுக்கு மரத்தின் குணம்

படாக் என்ற பெயரில் பர்மா மரமும் உண்டு, அந்தமான் மரமும் உண்டு. இங்கே பேசுவது ஆப்பிரிக்கப் படாக், அதாவது டெரோகார்பஸ் சோயாக்ஸி. நைஜீரியாவின் தென்கிழக்கில் தொடங்கி கேமரூன், எக்குவடோரியல் கினி, காபோன், காங்கோ காடுகள் வரை வளர்வது. நம் வேங்கையும் செம்மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. செம்மரத்துக்குச் சிவப்பைத் தரும் சான்டலின் என்ற சாயப்பொருள்தான் இதிலும் இருக்கிறது.

சராசரி அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 745 கிலோ. ஒரு கன அடிக்கு 21 கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேக்கை விடக் கனமும் கடினமும் கூடுதல். ஆனால் உளி, இழைப்புளிக்கு அடங்கும் மரம்தான்.

சுருக்கம் குறைவு. பச்சை மரம் முழுதாகக் காயும்போது ஆர வாக்கில் (நடுவிலிருந்து பட்டையை நோக்கி) சுமார் 3.3 சதவீதம், வளைய வாக்கில் (வளர் வளையங்களை ஒட்டி) 5.2 சதவீதம். தேக்கும் ஏறக்குறைய இதே அளவுதான் சுருங்கும். அதனால் முறுக்கிக்கொள்ளுமோ, வெடிக்குமோ என்ற பயம் இதில் அதிகம் தேவையில்லை.

வைரப் பகுதியை, அதாவது நடுவிலுள்ள சிவந்த மரத்தை, கரையானும் பூஞ்சையும் எளிதில் தொடாது. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி அப்படியில்லை, மரத்தைப் பொடியாக்கும் வண்டு அதில் ஏறும். படாக்கில் இந்த வெள்ளைப் பகுதி நன்றாக அகலமாகவே இருக்கும். வைரத்துக்கும் அதற்கும் நடுவே கோடு போட்ட மாதிரி எல்லை தெரியும் என்பது ஒரு வசதி.

மரத்தின் கண்கள், அதாவது நுண்துளைகள், பெரியவை, திறந்தவை. கையால் தடவினால் சொரசொரப்புத் தெரியும். ரேகை பெரும்பாலும் நேராக ஓடும். சில பலகைகளில் ஒரு அடுக்கு இந்தப் பக்கமும் அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கமுமாகச் சாய்ந்து ஓடும். இழைக்கும்போது பெயர்ந்து வருவது அந்தப் பலகைகள்தான்.

2. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

வேலை நடுவில் எழுந்து தேட முடியாத சாமான்கள் இவை: என்95 முகக்கவசம், கண்ணாடி, தூசி உறிஞ்சும் வேக்குவம், காற்றடிக்கும் கம்ப்ரஸர் அல்லது ஊதுகருவி, ஈரம் பார்க்கும் மீட்டர், கூர் தீட்டிய இழைப்புளி, கேபினட் ஸ்கிரேப்பர் எனப்படும் சுரண்டு தகடு, நீர் சார்ந்த கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு), பாலிஷ்.

சுரண்டு தகடு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். உப்புத்தாள் மட்டுமே தெரிந்தவருக்கு இந்த மரத்தில் வெள்ளை மரம் பதிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஏன் என்பது 8, 9-ஆம் பகுதிகளில் வரும்.

கழிவுத் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கட்டு சேர்த்து வையுங்கள். பாலிஷ் சோதனைக்கு அதே பலகையின் துண்டுதான் வேண்டும்.

3. மரக்கடையில் பலகை பார்ப்பது

கடையில் கிடக்கும் பலகையின் மேல்நிறத்தை நம்பாதீர்கள். பல மாதம் வெளிச்சம் பட்ட படாக், காப்பிக் கொட்டை நிறத்தில் மங்கிக் கிடக்கும். புதிதாக வருபவர்கள் அதை ஒதுக்கிவிட்டு, போன வாரம் அறுத்த ஆரஞ்சுப் பலகைக்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள். இரண்டும் ஒரே மரம்தான். மங்கலான பலகையின் ஓரத்தில் ஒரு சீவு சீவச் சொல்லுங்கள், உள்ளே செக்கச்செவேலென்று வரும்.

சீவிய இடத்தில் இரண்டு சோதனைகள் செய்யலாம். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தால் உடனே ஆரஞ்சுச் சிவப்பு ஏறும். ஒரு சீவலைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் பெரிதாக நிறம் மாறாது. வேங்கைக் குவளையில் ஊற்றி வைத்த தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்தவர்கள் இதிலும் அதையே எதிர்பார்ப்பார்கள். சான்டலின் அப்படித் தண்ணீருக்கு இறங்காது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள், ஒட்டுக்கும் பாலிஷுக்கும் இதுதான் அடிப்படை.

அடுத்து பலகையின் தலைப்பை, அதாவது குறுக்கே அறுபட்ட முனையை, பாருங்கள். கூரான உளியால் ஒரு இடத்தைச் சுத்தமாகச் செதுக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தால், கண்களைத் தொட்டுத் தொட்டு வெளிர் கோடுகள் அலை மாதிரி ஓடும். இது இந்தப் பேரினத்தின் அடையாளம். வேறு சிவப்பு மரத்தைப் படாக் என்று தள்ளிவிடும்போது இங்கேதான் பெரும்பாலும் பிடிபடும். ஆனால் ஆப்பிரிக்கப் படாக்கா, பர்மாப் படாக்கா என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பர்மா மரம் பொதுவாக இன்னும் கனம் கூடியது, நிறத்தில் பொன்மை கலந்திருக்கும்.

வெள்ளைப் பகுதி எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு முகத்தையும் திருப்பிப் பாருங்கள். ஒரு முகம் முழுச் சிவப்பாக இருக்கும், மறுமுகத்தில் கால்வாசி வெள்ளை ஓடும். கன அடிக் கணக்கில் அதற்கும் சேர்த்துத்தான் பணம் போகும். வெட்டி எறியப் போகிற பகுதியை முன்கூட்டியே கழித்து விலை பேசுங்கள்.

ரேகையைப் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் ஆட்டுங்கள். பளபளப்பும் மங்கலுமாக நாடா நாடாக மாறி மாறித் தெரிந்தால் அது எதிர்ச்சாய்வு ரேகை. பார்க்க அழகு, இழைக்கத் தொல்லை. முதல் வேலைக்கு நாடா இல்லாத நேர்ரேகைப் பலகையே போதும்.

4. காகிதங்கள்

சைட்டிஸ் என்பது அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய அதன் மாநாட்டில், ஆப்பிரிக்காவில் வளரும் டெரோகார்பஸ் இனங்கள் எல்லாம் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2023 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கட்டை, அறுத்த பலகை, வெனீர், பிளைவுட் ஆகியவை நாட்டு எல்லையைத் தாண்ட ஏற்றுமதி அனுமதி வேண்டும்.

உள்ளூரில் நாலு பலகை வாங்குபவர் இதற்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் மரத்தின் பெயர் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். சிவந்த பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது செம்மரமா என்ற கேள்வி வரலாம், அப்போது பில்தான் பேசும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்க நினைப்பவர்கள், பணம் அனுப்பும் முன் அனுமதி நகலைக் கேளுங்கள்.

5. பட்டறையில் பலகைக்கு ஓய்வு

வாங்கி வந்த அன்றே அளவுக்கு அறுக்கக் கூடாது. பலகைகளுக்கு நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை வைத்து, காற்று எல்லாப் பக்கமும் போகும்படி அடுக்கி, மீட்டரில் எண் அசையாமல் நிற்கும் வரை விடுங்கள்.

எத்தனை சதவீதத்தில் நிற்க வேண்டும்? பெட்டி போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால் மரம் 13 சதவீதம் பக்கம் போய் நிற்கும். ஏசி ஓடி ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கிய அறையில் அதே மரம் 9 சதவீதத்துக்கு வந்துவிடும். கடலோர ஊர்ப் பட்டறையில் செய்த பெட்டி ஏசி அறைக்குப் போனால் 4 சதவீத மாற்றம் நிச்சயம்.

படாக் குறைவாக அசையும் மரம் என்பதால் அசையவே அசையாது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நம் பெட்டி மூடியின் பலகை 150 மி.மீ அகலம் என்று வையுங்கள். வளைய வாக்கில் அறுத்த பலகையாக இருந்தால், 4 சதவீத மாற்றத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ சுருங்கும். ஆர வாக்கில் அறுத்ததாக இருந்தால் 0.7 மி.மீ. சின்ன எண்தான். ஆனால் பலகையைச் சட்டத்துக்குள் நெருக்கிப் பசை போட்டு ஒட்டியிருந்தால், அந்த ஒரு மில்லிமீட்டர் போதும், மூலை பிரிந்துகொள்ளும்.

6. தூசிக்கு ஏற்பாடு, ரம்பத்தைத் தொடும் முன்

படாக் தூசி நன்கு மிதக்கும் ஆரஞ்சுப் பொடி. சட்டை, சுவர், பக்கத்து மேசையில் கிடக்கும் வேறு மரம் என்று எதையும் விடாது. வெள்ளை மரத்தில் செய்துகொண்டிருக்கும் வேலை ஏதாவது பட்டறையில் இருந்தால் அதை வெளியே எடுத்துவிடுங்கள் அல்லது பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

உடம்புக்கும் இது ஆகாது. சிலருக்குத் தோல் அரிக்கும், கண் எரியும், மூச்சு இழுக்கும். தொடர்ந்து படப்பட ஒவ்வாமை கூடுமே தவிரக் குறையாது. மரத்தூசி பொதுவாகவே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது, என்95 போடுங்கள். ஆஸ்துமா இருப்பவர் இந்த மரத்தையே தவிர்ப்பது நல்லது.

வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பெருக்கினால் பாதித் தூசி மீண்டும் காற்றில் ஏறும். வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். முகக்கவசத்தைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். வேலை நிறுத்திய கையோடு முதலில் கவசத்தைக் கழற்றிவிட்டு அப்புறம் கூட்டுபவர்கள்தான் அதிகம்.

7. அறுப்பதும் இழைப்பதும்

வரிசை இப்படி: ஒரு முகத்தைத் தட்டையாக்குங்கள், பிறகு ஒரு ஓரத்தை மூலைமட்டத்துக்கு நேராக்குங்கள், பிறகு கனம், பிறகு அகலம், கடைசியில் நீளம். முதல் முகம் தட்டையாக இல்லாவிட்டால் அதிலிருந்து எடுக்கும் எல்லா அளவும் கோணலாகப் போகும். இது எந்த மரத்துக்கும் பொருந்தும்.

படாக்குக்கு மட்டும் ஒரு திருத்தம் உண்டு. இறுதிக் கனத்துக்கு அரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு மெஷினை நிறுத்துங்கள். மீதியைக் கை இழைப்புளியும் சுரண்டு தகடும் எடுக்கட்டும். மெஷின் முடித்த முகத்தில் எங்காவது பெயர்ந்திருந்தால், அதை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதற்குள் பட்டறை முழுக்க ஆரஞ்சாகிவிடும்.

எதிர்ச்சாய்வு ரேகை வந்தால் ஒரே அடியில் ஆழமாக எடுக்காதீர்கள். உளித்தகட்டின் மேல் இரும்பை விளிம்புக்கு மிக அருகில் கொண்டுவந்து, காகிதம் போலச் சீவல் வரும்படி இழைப்புளியை வையுங்கள். அப்படியும் பெயர்ந்தால் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு தகட்டை எடுங்கள். தகட்டுக்கு ரேகையின் திசை ஒரு பொருட்டே இல்லை.

மூலையின் 45 பாகை வெட்டில் கண்கள் திறந்து நிற்கும். ரம்பம் வெட்டி வெளியேறும் பக்கம் ஒரு கழிவுத் துண்டை அண்டக் கொடுங்கள். இல்லாவிட்டால் முனை உதிரும். படாக்கில் உதிர்ந்த முனையைப் பொடியும் பசையும் வைத்து அடைத்தால் அந்த இடம் மட்டும் கருப்பாகத் தெரியும்; அண்டக் கொடுக்க ஆகும் நேரம் அதைவிடக் குறைவு.

ஆணி அடிக்க நினைத்தால் முன்துளை போடுங்கள். திருகாணிக்கும் அப்படியே. ஓரத்தில் நேராக அடித்தால் பிளக்கும்.

8. ஒட்டு

தேக்கில் பழகிய ஆசாரிகள் ஒட்டும் முன் அசிட்டோனிலோ தின்னரிலோ துணி நனைத்து முகத்தைத் துடைப்பார்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, அதனால் அந்தப் பழக்கத்துக்கு அர்த்தம் உண்டு. படாக்கில் அதைச் செய்யவே வேண்டாம். இந்த மரம் சாதாரண வெள்ளைப் பசையிலேயே நன்றாக ஒட்டும். அசிட்டோன் தொட்டால் சாயம் கரைந்து மேலே வரும், பக்கத்திலிருக்கும் வெள்ளை மரத்துக்குப் போகும். நல்லது என்று நினைத்துச் செய்வதுதான் இங்கே கெடுதல்.

வெள்ளைப் பசை நீர் சார்ந்தது. சாயம் தண்ணீரில் கரையாது என்பதால் பசையே நிறத்தை இழுக்காது. ஆனால் பிதுங்கி வந்த பசையை ஈரத்துணியால் துடைத்தால், துணியில் ஒட்டிய தூசி வெள்ளை மரத்தின் கண்களுக்குள் போய் உட்காரும். பசை பாதி இறுகி ரப்பர் பதத்துக்கு வரும் வரை காத்திருந்து உளியால் உரித்து எடுங்கள்.

பெட்டியின் நான்கு பக்கத்தையும் ஒரே சமயத்தில் ஒட்டிக் கிளாம்ப் போடுங்கள். மூடிப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் இறக்கும்போது இரண்டு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் இடம் விடுங்கள், பசை வைக்காதீர்கள். 5-ஆம் பகுதியில் போட்ட கணக்கு இதற்குத்தான். மூடிப் பலகைக்கு ஒரு கோட் பாலிஷைச் சட்டத்தில் இறக்கும் முன்பே அடித்துவிடுவது நல்லது. பின்னால் பலகை சுருங்கும்போது பாலிஷ் படாத கோடு எட்டிப் பார்க்காது.

இனி வெள்ளைச் சீவல். ரப்பர் மரம் அல்லது ஆஷ் எடுக்கலாம். இரண்டும் வெளிறிய நிறம், கிடைப்பதும் சுலபம். மூலையில் காடி வெட்டி, வேக்குவம் வைத்துக் காடிக்குள் இருக்கும் பொடியை முழுக்க உறிஞ்சி, அப்புறம் பசை வைத்துச் சீவலைச் சொருகுங்கள். பொடியோடு சொருகினால் சீவலின் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு விழும்.

சீவலின் ரேகை மூலையைக் குறுக்காகக் கடந்து போகிறது. அதனால் வெளியே தெரியும் அதன் இரு முகமும் சாய்வான தலைப்பு. தலைப்புக் கண்கள் ஸ்ட்ரா மாதிரி: தூசியோ சாயமோ மேலே பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் பதித்த வெள்ளைப் பட்டி தப்பித்துவிடும், மூலைச் சீவல் மட்டும் கெட்டுப்போகும்; எல்லோரையும் குழப்புவது இது. வித்தியாசம் இந்தத் தலைப்பில்தான்.

எனவே பசை காய்ந்ததும் இப்படிச் செய்யுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் சீவலை மென்பல் கைரம்பத்தால் அறுங்கள். மீதியைக் கூரான உளியால், மூலையிலிருந்து உள்நோக்கிச் சீவுங்கள். வெளிநோக்கிச் சீவினால் சீவல் பெயர்ந்து பள்ளமாகும். தகட்டால் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். காற்றடித்துத் தூசியை ஊதுங்கள். பிறகு நுனித் தூரிகையில் நீர் சார்ந்த கிளியரை எடுத்து, சீவலின் வெள்ளை முகத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். காய்ந்ததும் இன்னொரு தடவை. இப்போது அந்தக் கண்கள் அடைபட்டுவிட்டன. இதற்கு முன்னால் உப்புத்தாள் பெட்டியின் பக்கமே வரக் கூடாது.

9. உப்புத்தாள்

தகடு ஒழுங்காக வேலை செய்திருந்தால் தேய்க்க அதிகம் இருக்காது. 150-இல் தொடங்கி, 180, 240 போதும். 400 வரை போவது வீண். பெரிய கண்ணுள்ள மரத்தில் அதற்கு மேல் மென்மை தெரியாது, பொடி மட்டும் கண்களுக்குள் அடைந்துகொள்ளும்.

படாக் முகத்தைத் தேய்த்த தாளை வெள்ளை மரத்தின் மேல் ஓட்டாதீர்கள். வெள்ளைச் சீவல் வரும் மூலைகளில் தாளை வெள்ளையிலிருந்து சிவப்பை நோக்கி மட்டும் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் பின்னால் வரும் இழுப்பு சிவப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்.

தேய்த்து முடித்ததும் துணியால் துடைப்பதற்குக் கை தானாகப் போகும். துடைக்காதீர்கள், ஊதுங்கள். ஸ்பிரிட் துணியால் துடைப்பது எல்லாவற்றையும் விட மோசம்: ஒரே துடைப்பில் இரண்டு மணி நேர உழைப்பும் போய்விடும். நீர் சார்ந்த கிளியர் அடிக்கும் முன் மரத்தின் மயிர் (மேல்முக நார்) எழும்புவதற்காக ஈரம் தொட நினைத்தாலும், முதலில் ஊதிவிட்டுப் பிறகு தொடுங்கள்.

10. பாலிஷ்

இங்கே தேர்வை விட வரிசை முக்கியம். முதல் கோட் சாயத்தைக் கரைக்காததாக அல்லது கரைத்தாலும் நகர்த்தாததாக இருக்க வேண்டும். அது காய்ந்து முகத்தை மூடிவிட்டால், அதற்கு மேல் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம்.

பிரெஞ்ச் பாலிஷ் என்று நாம் சொல்லும் அரக்கு, ஸ்பிரிட்டில் கரைத்தது. பஞ்சு உருண்டையால் தேய்த்து ஏற்றுவது அதன் முறை. படாக்கில் ஒவ்வொரு தேய்ப்பும் சாயத்தைக் கரைத்துத் துணியில் ஏற்றி அடுத்த இடத்தில் பூசும். வெள்ளை மரமே இல்லாத, முழுக்கப் படாக்கில் செய்த பொருளுக்கு இது ஒன்றும் கெடுதல் இல்லை. நிறம் சீராகப் பரவி நன்றாகவே இருக்கும். வெள்ளை பதித்திருந்தால் கூடாது.

நைட்ரோ செல்லுலோஸ் சீலரும் (அடிப்பூச்சு) மெலமைனும் (மேல்பூச்சு) தின்னரில் கலந்து வருபவை. தின்னரும் சாயத்தைக் கரைக்கும். ஆனால் ஸ்ப்ரேயில் மெல்லிய பனி போல ஒரு கோட் விட்டால், கரைந்த சாயம் நகர்வதற்குள் காய்ந்துவிடும். துணியாலோ தூரிகையாலோ அடிக்கும்போதுதான் ஓடும். ஸ்ப்ரே வசதி இருப்பவர்கள் இப்படி இரண்டு மெல்லிய கோட் விட்டு, அப்புறம் வழக்கமான கோட்டுக்குப் போகலாம். முதல் கோட்டிலேயே வழிய வழிய அடித்தால் இந்த லாபம் போச்சு.

ஸ்ப்ரே இல்லாத வீட்டுப் பட்டறைக்கு நான் சொல்வது நீர் சார்ந்த பியூ, அதாவது பாலியூரிதேன் பாலிஷ். சாயம் தண்ணீரில் கரையாது என்பதால் தூரிகையாலேயே அடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்த வகைப் பாலிஷில் தண்ணீரோடு வேறு கரைப்பானும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், சிலவற்றில் காரத்தன்மையும் இருக்கும். சான்டலின் காரத்தில் கரையும். அதனால்தான் கழிவுத் துண்டை எடுத்து வைக்கச் சொன்னேன். அதில் வெள்ளைச் சீவல் ஒன்றை ஒட்டி, அடித்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்காவிட்டால் பெட்டிக்குப் போங்கள்.

தூரிகையையும் வெள்ளையிலிருந்து சிவப்புக்குத்தான் ஓட்ட வேண்டும். சிவப்பில் பட்ட தூரிகையை அப்படியே டப்பாவுக்குள் முக்காதீர்கள். தேவையான அளவை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைத் திரும்ப டப்பாவில் விடாதீர்கள். அடுத்த மாதம் அதே டப்பாவைத் திறந்து வெள்ளை மேசைக்கு அடிக்கும்போது இதன் அருமை தெரியும்.

எண்ணெய் விரும்புபவர்களுக்கு: ஆளி விதை எண்ணெய் படாக்கை உடனே ஆழ்ந்த சிவப்பாக்கும், தொட்டவுடன் மனம் குளிரும். ஆனால் கண்களில் தங்கிய பொடி எண்ணெயில் குழைந்து சேறாகும், எண்ணெயும் தன் பங்குக்கு மரத்தைக் கருக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டி வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

வெறும் மெழுகு மட்டும் போட்டு முடிப்பவர்களும் உண்டு. சுவரில் மாட்டும் பொருளுக்குச் சரி. கையால் எடுத்துப் புழங்கும் பெட்டிக்கு அது போதாது.

கண்ணாடி மாதிரி வழவழப்பு வேண்டுமென்றால் கண்களை அடைக்க வேண்டும். நிறமற்ற ஃபில்லரை முதல் சீலர் கோட்டுக்குப் பிறகு தேய்த்து ஏற்றுங்கள், முன்னால் அல்ல. சீலருக்கு முன்னால் தேய்த்தால் ஃபில்லரே சாயத்தை வெள்ளைக்கு இழுத்துப் போகும். என் கைக்கு, கண் தெரியும் படாக்தான் பிடிக்கும். அது அவரவர் விருப்பம்.

11. நிறம் மாறப் போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவது

வெளிச்சமும் காற்றும் படப்பட ஆரஞ்சு மங்கி, செம்பழுப்பாகி, கடைசியில் ஊதா கலந்த கரும்பழுப்பில் நிற்கும். புற ஊதாவைத் தடுக்கும் பாலிஷ் இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. நிறத்தை அப்படியே வைத்திருக்கும் என்று எந்த டப்பாவில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

வாங்குபவருக்கு இதை வார்த்தையில் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். பாலிஷ் போட்ட துண்டு ஒன்றைப் பாதி மட்டும் அட்டையால் மூடி ஜன்னலில் வையுங்கள். சில வாரங்களில் இரண்டு பாதியும் இரண்டு மரம் போல இருக்கும். அந்தத் துண்டைக் காட்டிவிட்டு ஆர்டர் எடுங்கள்.

மேசைப் பலகை செய்தால் முதல் சில மாதத்துக்கு அதன் மேல் எதையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பூச்சாடி இருந்த இடம் ஆரஞ்சு வட்டமாக நிற்கும், பிறகு ஒன்று சேர நாளாகும்.

மாற்றம் மேல்தோலில்தான். பழையதைச் சுரண்டினால் சிவப்பு திரும்ப வரும், ஆனால் அதற்குப் பாலிஷையும் எடுத்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். வீட்டுக்குள் ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தால் அந்த வேலை தள்ளிப்போகும்.

12. எதற்கு எடுக்கலாம், எதற்கு வேண்டாம்

சின்னப் பெட்டி, கைப்பிடி, கடைசல் வேலை, இசைக்கருவி, பதிப்பு வேலை, தரைப்பலகை ஆகியவற்றுக்கு நல்ல மரம். மரிம்பா போன்ற தட்டி வாசிக்கும் கருவிகளின் கட்டைகளுக்கு விலை உயர்ந்த ரோஸ்வுட்டுக்குப் பதிலாக இதைத்தான் பலர் எடுக்கிறார்கள். தட்டினால் மணி போன்ற ஓசை நின்று ஒலிக்கும். கடைசலில் இது தரும் மென்மையான சீவலுக்காகவே சிலர் இதை வைத்திருக்கிறார்கள்.

வெளியே வெயிலில் நிற்கும் கதவு, பெஞ்சுக்கு உறுதி போதும், கரையானும் தொடாது. நிறத்துக்காக எடுத்திருந்தால் மட்டும் ஏமாற்றம், வெயில் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். அந்த வேலைக்கு இதைவிட மலிவான மரங்கள் இருக்கின்றன.

காய்கறி வெட்டும் பலகைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பெரிய கண்களில் உணவு தங்கும், கழுவக் கழுவ மேல்பூச்சு போய்விடும். ஓரத்துக்கு ஒரு பட்டியாக வைத்தால் பரவாயில்லை.

வெள்ளைப் பகுதியை வைரத்தோடு சேர்த்து அழகுக்காக விடுபவர்கள், அந்தப் பகுதியை மட்டும் பூச்சி மருந்து தடவிக் காயவைத்துப் பிறகு பாலிஷ் போடுங்கள். முகத்தில் ஊசிமுனை அளவு ஓட்டைகளும் கீழே மாவுப் பொடியும் தெரிந்தால், வண்டு உள்ளே இருந்து வேலையை முடித்துக்கொண்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.